மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை

மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்றதும், தமிழில் முதல் நாவலை எழுதியவர் என்பதுதான் எல்லோருக்கும் நினைவு வரும். "பிரதாப முதலியார் சரித்திரம்" என்ற அந்த நாவல் 1879-ம் ஆண்டில் அச்சாகி வெளிவந்தது.

ஆனால் அவருடைய தொழில் கதை எழுதுவது அல்ல. அவர் ஒரு முன்சீப். ஐம்பது ரூபாய்க் கடன், அரைக்காணி வயல், வரப்புத் தகராறு, வரவேண்டிய நெல் பாக்கி ஆகிய சில்லறை வழக்குகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் நீதிபதி.

பெரிய ஜமீன்தார்களின் வழக்கு பெரிய கோர்ட்டுக்குப் போகும். ஏழை எளியவர்களின் வழக்கு முன்சீப் கோர்ட்டுக்கு வரும். ஐம்பது ரூபாய் என்பது ஜமீன்தாருக்கு ஒரு வேளைச் செலவு. ஏழைக் குடியானவனுக்கோ அது வாழ்வா சாவா என்ற கேள்வி. அந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகள் பதில் சொல்லி வந்தவர் வேதநாயகம் பிள்ளை.

குளத்தூரில் பிறந்தார்

திருச்சிப் பகுதியில் உள்ள குளத்தூரில், 1826-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி வேதநாயகம் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை. தாயார் ஆரோக்கிய மரியம்மாள். கத்தோலிக்கக் குடும்பம்.

இளமையில் தமிழும் ஆங்கிலமும் படித்தார். இரண்டிலும் நல்ல புலமை வந்தது. அந்தக் காலத்தில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அதனால் திருச்சியில் இருந்த கோர்ட்டில் அவருக்கு வேலை கிடைத்தது.

முதலில் ரிக்கார்டு கீப்பர் வேலை. வழக்குக் கட்டுகளைப் பத்திரமாக வைத்து, கேட்டபோது எடுத்துக் கொடுக்க வேண்டும். பிறகு மொழிபெயர்ப்பாளர் ஆனார்.

மொழிபெயர்ப்பாளர் வேலை சாதாரணமானது அல்ல. நீதிபதி வெள்ளைக்காரர். சாட்சி சொல்பவர் கிராமத்துக்காரர். சாட்சி தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் ஆக்க வேண்டும். ஒரு வார்த்தை மாறினால் ஒருவன் நிலம் போய்விடும். ஒரு வார்த்தை விட்டுப்போனால் ஒருவன் சிறைக்குப் போவான்.

தமிழனுக்குத் தெரியாத மொழியில் தமிழனின் வழக்கு நடப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை, அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் வேதநாயகம் பிள்ளை பார்த்தார். அவர் பிற்காலத்தில் செய்த பல காரியங்களுக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

முன்சீப் கோர்ட்டு பிறந்த கதை

கும்பெனியார் ஆட்சியின் தொடக்கத்தில், ஜில்லாவுக்கு ஒரு வெள்ளைக்கார நீதிபதி இருந்தார். ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு பல நாள் நடந்து அவரிடம் போக வேண்டும். வழக்குகள் மலைபோலக் குவிந்தன. சின்ன வழக்குக்காரர்கள் செலவுக்குப் பயந்து வீட்டிலேயே இருந்து விட்டார்கள்.

இதை மாற்ற வேண்டும் என்று முயன்றவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னைக்குக் கவர்னராக வந்தாரே, அதே மன்றோதான். அவருடைய முயற்சியால் 1816-ம் ஆண்டில் புதுச் சட்டங்கள் வந்தன.

அதன்படி கிராமத்து மணியக்காரரே 'கிராம முன்சீப்' ஆனார். 10 ரூபாய் வரை உள்ள வழக்கை அவரே தீர்க்கலாம். அதற்கு மேலே 'ஜில்லா முன்சீப்' நியமிக்கப்பட்டார். முதலில் 200 ரூபாய் வரை உள்ள வழக்குகள் அவருக்கு விடப்பட்டன. பிறகு அது 500 ஆயிற்று. 1833-ல் 1,000 ரூபாய் ஆயிற்று. 1873-ல் 2,500 ரூபாய் ஆனது.

முன்சீப் பதவியில் நம் நாட்டவர்கள் அமர்ந்தார்கள். ஜனங்களுடைய மொழியும் பழக்க வழக்கமும் அவர்களுக்குத் தெரியும். அதனால் பெருவாரியான சொத்து வழக்குகளும் கடன் வழக்குகளும் முதலில் அவர்கள் முன்புதான் வந்தன.

சென்னைப் பட்டணத்தில் மட்டும் வேறு ஏற்பாடு. அங்கே 1850-ம் ஆண்டுச் சட்டப்படி 'ஸ்மால் காஸ் கோர்ட்டு' என்ற சில்லறை வழக்குக் கோர்ட்டு ஏற்பட்டது. 500 ரூபாய் வரை உள்ள வழக்குகளைச் சுருக்கமாக விசாரித்து முடிப்பது அதன் வேலை.

தரங்கம்பாடிக்கு வந்தார்

வேதநாயகம் பிள்ளை 1857-ம் ஆண்டில் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். அது கடலோரப் பட்டினம். டென்மார்க் நாட்டார் 1845-ல் அதை ஆங்கிலேயருக்கு விற்று விட்டுப் போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

பிறகு சீர்காழிக்கு மாற்றப்பட்டார். அதன்பின் மாயூரத்துக்கு வந்தார். மாயூரத்தில் மட்டும் 13 ஆண்டுகள் முன்சீப்பாக இருந்தார். ஊரின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. குளத்தூரில் பிறந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஆகிவிட்டார். அந்த ஊர்தான் இப்போது மயிலாடுதுறை.

ஒரு கடன் வழக்கு

அவர் கோர்ட்டில் ஒரு சின்ன வழக்கு எப்படி நடந்திருக்கும்?

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு குடியானவன் இன்னொருவனுக்கு 40 ரூபாய் கடன் கொடுக்கிறான். வாங்கியவன் திருப்பித் தரவில்லை. பல தடவை கேட்டாகிவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் சொல்லியும் பயன் இல்லை. கொடுத்தவன் கோர்ட்டுக்குப் போகிறான்.

முதலில் அவன் பிராது எழுத வேண்டும். தான் யார், எந்த ஊர், யார் மேல் வழக்கு, எப்போது கடன் கொடுத்தது, எவ்வளவு வர வேண்டும், அதற்கு என்ன ஆதாரம் என்பதையெல்லாம் அதில் சொல்ல வேண்டும். சொன்னது உண்மை என்று அடியில் கையெழுத்துப் போட வேண்டும். பொய் என்று தெரிந்தே எழுதினால் தண்டனை உண்டு.

வழக்குப் போடுகிறவன் வாதி. யார்மேல் போடுகிறானோ அவன் பிரதிவாதி.

பிராதுடன் கோர்ட்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். 1870-ம் ஆண்டுச் சட்டப்படி, சின்ன வழக்குகளில் ஒவ்வொரு 5 ரூபாய்க்கும் 6 அணா கட்டணம். 40 ரூபாய் வழக்குக்கு 48 அணா ஆகிறது. அதாவது 3 ரூபாய். அந்தக் காலத்து ஏழைக்கு 3 ரூபாய் சிறிய தொகை அல்ல. ஆனால் வழக்கு ஜெயித்தால் செலவுத் தொகையையும் பிரதிவாதியிடம் வாங்கலாம்.

சம்மன் வருகிறது

பிராதை ஏற்றுக்கொண்டதும் கோர்ட்டு சம்மன் அனுப்பும். கோர்ட்டுச் சேவகன் சம்மனை எடுத்துக்கொண்டு பிரதிவாதியின் ஊருக்குப் போவான். அவன் கையிலேயே கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குவான். அவன் இல்லாவிட்டால் அவனோடு ஒரே வீட்டில் இருக்கும் வயது வந்த ஆண்பிள்ளையிடம் கொடுக்கலாம். யாருமே அகப்படாவிட்டால் வாசல் கதவில் ஒட்டிவிட்டு வருவான்.

சம்மனை வாங்காமல் ஒளிந்துகொண்டால் தப்பிவிடலாம் என்று பலர் நினைத்தார்கள். அது பெரிய தவறு. குறித்த நாளில் பிரதிவாதி வராவிட்டால், சம்மன் சேர்ந்ததா என்று முன்சீப் பார்ப்பார். சேர்ந்திருந்தால் வாதி தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுவார். இதற்கு 'எக்ஸ்பார்ட்டி' தீர்ப்பு என்று பெயர். அதேபோல் வாதி வராவிட்டால் வழக்கு தள்ளுபடி ஆகிவிடும்.

இரண்டு பேரும் வந்துவிட்டால் விசாரணை ஆரம்பம். பிரதிவாதி தன் பதிலைச் சொல்வான். கடனே வாங்கவில்லை என்று ஒருவன் சொல்வான். வாங்கினேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று இன்னொருவன் சொல்வான். வாங்கினேன், ஆனால் 40 அல்ல, 25 தான் என்று வேறொருவன் சொல்வான்.

இந்த மூன்று பதிலும் ஒன்று அல்ல. கடனே இல்லை என்றால், கொடுத்ததை வாதி நிரூபிக்க வேண்டும். திருப்பிக் கொடுத்தாகிவிட்டது என்றால், கொடுத்ததைப் பிரதிவாதிதான் நிரூபிக்க வேண்டும். அதனால் எந்த விஷயத்தில் தகராறு என்பதை முன்சீப் முதலில் எழுதி வைத்துக்கொள்வார். அதற்குத்தான் 'இஷ்யூ' என்று கோர்ட்டில் பெயர். பிறகு சாட்சிகளைக் கூப்பிடுவார். பத்திரங்களைப் பார்ப்பார். கடைசியில் தீர்ப்பு.

சட்டம் மாறிய வேளை

வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்த காலம் ஒரு முக்கியமான காலம். சட்டங்கள் தலைகீழாக மாறிக்கொண்டிருந்த வேளை அது.

அதற்கு முன் ஒரு வழக்கில் நான்கு முறை எழுத வேண்டியிருந்தது. வாதி பிராது எழுதுவான். பிரதிவாதி பதில் எழுதுவான். அதற்கு வாதி மறுபதில். அதற்குப் பிரதிவாதி மறுபடியும் மறுபதில். எழுதுகிறவர்களுக்கு வருமானம். வழக்குக்காரர்களுக்கு நஷ்டம்.

1859-ம் ஆண்டில் புதிய சிவில் நடைமுறைச் சட்டம் வந்தது. இந்த நான்கு எழுத்து முறை ஒழிந்தது. வழக்கின் சாரத்தை நீதிபதியே கண்டெடுக்கும் முறை வந்தது.

அதே 1859-ல் இன்னொரு சட்டமும் வந்தது. அது காலவரையறைச் சட்டம். அதற்கு முன் சென்னை ராஜதானியில் சாதாரணக் கடனுக்கு 12 ஆண்டு வரை வழக்குப் போட முடிந்தது. புதுச் சட்டப்படி, வாய்ச்சொல்லாகக் கொடுத்த கடனுக்கு 3 ஆண்டுதான் கெடு. அதற்குள் வழக்குப் போடவேண்டும். தவறினால் கடன் உண்மையானாலும் கோர்ட்டு உதவாது. கடன்பட்டவன் கடன் உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மட்டும், அன்று முதல் புதுக்கெடு தொடங்கும்.

1862-ல் சென்னையில் ஹைகோர்ட்டு திறக்கப்பட்டது. அதுவரை இருந்த சதர் அதாலத் என்ற மேல் கோர்ட்டு மறைந்தது.

இத்தனை மாறுதல்களும் ஆங்கிலத்தில் வந்தன. சட்டத்தின் கட்டளை ஜனங்களுக்கு. ஆனால் அந்தச் சட்டம் ஜனங்களுக்குத் தெரியாத மொழியில்!

தமிழில் ஒரு தீர்ப்புப் புத்தகம்

இந்தக் குறையைப் போக்க வேதநாயகம் பிள்ளை ஒரு பெரிய வேலையைத் தொடங்கினார். சதர் கோர்ட்டார் 1805-ம் ஆண்டு முதல் 1861-ம் ஆண்டு வரை சொன்ன தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் எழுதினார். 'சித்தாந்த சங்கிரகம்' என்று அதற்குப் பெயர் வைத்தார். அந்த நூல் 1862-ல் வெளிவந்தது. ஹைகோர்ட்டு தொடங்கிய அதே ஆண்டு!

மேல்கோர்ட்டுத் தீர்ப்புகளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? முன்பு ஒரு வழக்கில் மேல்கோர்ட்டு ஒரு முடிவு சொல்லியிருந்தால், பிறகு அதேபோல் வரும் வழக்கில் அந்த முடிவையே கீழ்க்கோர்ட்டும் கடைப்பிடிக்க வேண்டும். ஆங்கிலம் தெரிந்த வக்கீல் அதை எடுத்துக் காட்டி ஜெயித்துவிடுவான். தெரியாதவன் விழித்துக்கொண்டு நிற்பான்.

சித்தாந்த சங்கிரகம் வந்த பிறகு, தமிழ் மட்டும் தெரிந்த ஒருவன்கூட அந்தத் தீர்ப்புகளைத் தானே படித்துப் பார்க்கலாம் என்ற நிலை வந்தது. சட்டத் தீர்ப்புகளைத் தமிழில் கொண்டுவந்த முன்னோடி என்ற பெருமை வேதநாயகம் பிள்ளைக்கு உண்டு.

பகலெல்லாம் கச்சேரியில் வழக்கு விசாரணை. மற்ற வேளையில்தான் இந்த எழுத்து வேலை. சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர், தம் உத்தியோகத்தின் ரகசியத்தை ஜனங்களின் கையில் எடுத்துக் கொடுத்தது போன்ற காரியம் இது.

கைக்கூலிக்கு எதிரி

முன்சீப் கோர்ட்டைச் சுற்றி ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும். பிராது எழுதித் தருகிறேன் என்று ஒருவன் வருவான். சாட்சி சொல்ல ஆள் தருகிறேன் என்று ஒருவன் வருவான். அதிகாரியைச் சரிக்கட்டித் தருகிறேன் என்று சொல்லிப் பணம் பிடுங்குகிறவனும் உண்டு.

வேதநாயகம் பிள்ளை 1859-ம் ஆண்டில் 'நீதி நூல்' என்ற செய்யுள் நூலை வெளியிட்டார். அதில் 'கைக்கூலி' என்று தனியாக ஓர் அதிகாரமே எழுதினார். கைக்கூலி என்பது லஞ்சம். நீதி சொல்லும் பதவியில் இருந்துகொண்டே லஞ்சத்தைக் கண்டித்துப் புத்தகம் போட்டார். அப்படிப் புத்தகம் போட்டவர் தாம் கை நீட்ட முடியுமா? நேர்மை தவறாத முன்சீப் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

தீர்ப்புக்குப் பிறகு

நமது உதாரண வழக்கில் வாதி ஜெயித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். 40 ரூபாயும் வட்டியும் செலவும் தரவேண்டும் என்று தீர்ப்பாகி, டிக்ரி கிடைத்துவிட்டது. அதோடு பணம் கைக்கு வந்துவிடுமா? வராது!

டிக்ரி என்பது ஒரு காகிதம். பிரதிவாதி தானாகக் கொடுத்தால் சரி. கொடுக்காவிட்டால், டிக்ரியை நிறைவேற்றித் தரும்படி வாதி மறுபடியும் மனுப் போட வேண்டும். அதன்பேரில் அமீனா போய்ச் சாமான்களை ஜப்தி செய்வார். பிறகு அவை ஏலத்துக்கு வரும்.

அந்தக் காலத்தில் கடன்பட்டவனைச் சிறையிலும் வைக்கலாம். 1859-ம் ஆண்டுச் சட்டப்படி, 50 ரூபாய்க்கு உட்பட்ட டிக்ரிக்கு மூன்று மாதத்துக்கு மேல் வைக்கக்கூடாது. 500 ரூபாய்க்கு உட்பட்டால் ஆறு மாதம். எவ்வளவு பெரிய தொகையானாலும் இரண்டு ஆண்டுக்கு மேல் கூடாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிறையில் இருப்பவனுக்குச் சாப்பாட்டுச் செலவை, அவனை உள்ளே வைத்த கடன்காரனே கட்ட வேண்டும்! வர வேண்டிய பணம் ஒருபுறம் இருக்க, கைப்பணமும் போகும்.

ஜப்தியில் குடியானவனின் உழவு மாடும் போய்விடும் ஆபத்து அப்போது இருந்தது. மாடு போனால் உழவு போயிற்று. உழவு போனால் குடும்பம் போயிற்று. பிழைப்புக்கு வேண்டிய உழவு மாட்டையும் கலப்பையையும் ஜப்தி செய்யக்கூடாது என்ற பாதுகாப்பு 1877-ம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது.

ஆகவே, கோர்ட்டுக்குப் போகும் முன் சமாதானம் பேசிப் பார்ப்பதே நல்லது என்று பெரியவர்கள் சொன்னார்கள் என்றால், அதில் அர்த்தம் இருந்தது.

புலவர்களின் நண்பர்

முன்சீப் வேலையோடு, தமிழ்ப் புலவர்களின் நட்பும் அவருக்கு இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய உற்ற நண்பர். மகாவித்துவான் 'சீகாழிக் கோவை' என்ற நூலைப் பாடிய காலத்தில், வேதநாயகம் பிள்ளை அந்தச் சீர்காழியில் முன்சீப்பாக இருந்தார். வேதநாயகம் பிள்ளையைப் பாட்டுடைத் தலைவராக வைத்தே 'குளத்துக் கோவை' என்ற நூலையும் மகாவித்துவான் பாடினார்.

ஒருவர் கிறிஸ்தவர். மற்றவர் சைவர். அந்த வேற்றுமை அவர்கள் நட்புக்குக் குறுக்கே வரவில்லை. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும் வேதநாயகம் பிள்ளைக்கு நெருங்கிய நண்பர். எல்லா மதத்தாரும் பாடக்கூடிய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' என்ற பாடல் நூலை அவர் 1878-ல் வெளியிட்டார்.

பெண்கள் படிக்க வேண்டும் என்று வற்புறுத்திப் 'பெண் கல்வி' என்ற உரைநடை நூலும் எழுதினார். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே அரிதாக இருந்த காலத்தில் அப்படி எழுதியது துணிச்சலான காரியம்.

பஞ்சத்தில் கஞ்சித் தொட்டி

1876-ம் ஆண்டு முதல் 1878 வரை தென்னாட்டில் கொடிய பஞ்சம் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்வார்கள். லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள்.

அப்போது வேதநாயகம் பிள்ளை உத்தியோகத்திலிருந்து விலகி மாயூரத்திலேயே வாழ்ந்து வந்தார். பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பாடு செய்தார். தம் கைப்பொருளை வாரிக் கொடுத்தார்.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இதைக் கண்டு உள்ளம் உருகினார். மனிதரைப் பாடும் வழக்கம் அவ்வளவாக இல்லாத பாரதியார், வேதநாயகம் பிள்ளையின் கொடையைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனையே பாடினார்.

நாவலில் கோர்ட்டு

அந்தப் பஞ்ச காலத்தை ஒட்டித்தான் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியாயிற்று. பிரதாப முதலியார் என்ற இளைஞனும், அவன் மனைவி ஞானாம்பாளும் அதன் முக்கிய பாத்திரங்கள். சிரிக்கச் சிரிக்க எழுதப்பட்ட கதை. வீட்டில் எல்லோரும் படிக்கலாம்.

அந்தக் கதைக்குள்ளே ஆசிரியர் தம் மனக்குறை ஒன்றையும் வைத்துவிட்டார். தமிழ்நாட்டுக் கோர்ட்டு. நீதிபதி தமிழர். வக்கீல்கள் தமிழர். வாதியும் பிரதிவாதியும் தமிழர். ஆனால் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடுகிறார்கள்! யாருடைய சொத்துக்காக வழக்கு நடக்கிறதோ, அவனுக்குத் தன் வக்கீல் என்ன பேசினார் என்பதே தெரிவதில்லை. இதைத்தான் கதாபாத்திரம் ஒன்றின் வாயிலாக அவர் கண்டித்தார்.

திருச்சியில் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்த காலம் முதல், அவர் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்த முள் அது. கோர்ட்டுக்கு உள்ளே இருந்து பார்த்தவர் சொன்னதால் அந்தச் சொல்லுக்குக் கனம் அதிகம்.

'சுகுண சுந்தரி சரித்திரம்' என்ற இரண்டாவது நாவலை 1887-ல் வெளியிட்டார். இரண்டு ஆண்டு கழித்து, 1889-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 62.

அவருக்குப் பின்

அவர் மறைந்த அதே 1889-ல் சென்னை ராஜதானிக்குக் கிராமக் கோர்ட்டுச் சட்டம் வந்தது. 10 ரூபாயாக இருந்த கிராம முன்சீப்பின் வரம்பு 20 ரூபாய் ஆயிற்று. அதற்கு முன்பே, 1873-ம் ஆண்டுச் சட்டம் ஜில்லா முன்சீப்புகளுக்குச் சில்லறை வழக்குகளைச் சுருக்கமாக விசாரிக்கும் அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. தொடக்கத்தில் அதன் வரம்பு 50 ரூபாய்.

வேதநாயகம் பிள்ளை கேட்ட தமிழ் என்ன ஆயிற்று? அதற்கு நீண்ட காலம் பிடித்தது. தமிழை ஆட்சி மொழி ஆக்கிய சட்டம் 1956-ல் வந்தது. கீழ்க்கோர்ட்டுகளிலும் தமிழைக் கொண்டுவர அந்தச் சட்டம் 1976-ல் திருத்தப்பட்டது. அவர் மறைந்து 87 ஆண்டுகள் ஆகியிருந்தன!

ஜில்லா முன்சீப் கோர்ட்டு இன்றைக்கும் இருக்கிறது. மாவட்ட உரிமையியல் நீதிமன்றம் என்று அதற்குத் தமிழ்ப் பெயர். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் அங்கே நடந்த முறையின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. பிராது, கட்டணம், சம்மன், பதில், சாட்சி, தீர்ப்பு, நிறைவேற்று மனு என்ற வரிசை மாறவில்லை.

கடன் கொடுத்தவருக்குக் கெடு இன்றும் 3 ஆண்டுதான். சம்மன் வந்தால் 30 நாளில் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் 90 நாள் வரை கோர்ட்டு தவணை கொடுக்கலாம். சம்மனைக் கண்டு ஒளிபவர் தம் வழக்கைத் தாமே தோற்கிறார் என்பதும் மாறவில்லை.

புதிதாக வந்த நன்மைகளும் உண்டு. 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடி மக்களுக்கும் சர்க்கார் செலவில் வக்கீல் கிடைக்கும். மற்ற ஏழைகளுக்கு வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பார்கள். கோர்ட்டில் இருக்கும் வழக்கை லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்ச் சமாதானமாக முடித்துக்கொள்ளலாம். அப்படி முடிந்தால் கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

பணம் கொடுக்கும்போதே எழுத்து வாங்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போதே ரசீது வாங்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் பாதி வழக்கு கோர்ட்டுக்கே வராது. எழுதியதைப் படிக்கத் தெரிந்தவனை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. எழுத்தறிவு வளர வேண்டும், பெண்களும் படிக்க வேண்டும், சட்டம் தமிழில் இருக்க வேண்டும் என்று மாயூரம் முன்சீப் பாடுபட்டது இதற்காகத்தான்.